அவளுக்கு ஆகாத மாத்திரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

தங்கையின் ரத்தப் பரிசோதனை என்னாயிற்று என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அம்மா பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வேன்? முடிவு வந்துவிட்டது. அந்த மாத்திரை அவளுக்கு ஆகாது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். முன்பு போட்ட ஊசி பலிக்காமல் போன பிறகு, நரம்பின் மேலுறையை அரிக்கும் இந்த நோயை மட்டுப்படுத்த அவர் நம்பியிருந்தது அந்த ஒரு மாத்திரையைத்தான். உள்ளே போன மருந்தை உடம்பு உடைத்து வெளியேற்ற வேண்டுமாம். அதற்கான மரபணு இவளுக்கு மந்தம். மருந்து தேங்கி விஷமாகிவிடும். பாதி அளவாவது கொடுங்களேன் என்று கெஞ்சினேன். பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்திருந்தால் கொடுக்கலாம், இவளுக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கிறது என்றார்.

அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். உன் தங்கைதான் சிரித்தாள். "கல்யாணமான நாள்லேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்துலதான்ப்பா" என்றாள். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் மட்டும் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அம்மாவும் நானும் சண்டை போடுவதில்லை. உப்பு கூடிவிட்டது என்றுகூட நான் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் பயம்.

உன் தங்கை டிரைவிங் ஸ்கூல் வேலையையும் விட்டுவிட்டாள். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் பக்கத்து இருக்கையிலிருந்து மிதிக்க இவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா? காலை வைத்தாளாம், வைத்தது பிரேக்கிலா தரையிலா என்றே தெரியவில்லையாம். வண்டி நடைபாதைக் கல்லில் இடித்து நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சாவியை அவளே முதலாளி மேசையில் வைத்துவிட்டாள். ஆபீஸில் உட்கார்ந்து போன் எடும்மா என்றாராம். பாக்கலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இவளோடு பரிசோதனைக்கு வந்த ஒரு டீச்சருக்கு மாத்திரை ஒத்துக்கொண்டது. வராந்தாவில் அவர் சொன்னபோது இவள் மனதாரச் சந்தோஷப்பட்டாள். ஆட்டோவில் ஏறியதும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை நானும் அவளைப் பார்க்கவில்லை.

அங்கே அந்த மாத்திரை சுலபமாகக் கிடைக்கிறது, வாங்கி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம்மா. எங்கே வாங்கினாலும் போய்ச் சேரும் உடம்பு இதுதானே. வேறு மருந்து உண்டா என்றும் கேட்டேன். டாக்டரம்மா பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

உன்னையும் பெற்றவர்கள் நாங்கள்தான். உனக்கு இந்த நோய் இல்லை, வீணாகக் கலங்காதே. ஆனாலும் அந்த மரபணு உனக்கும் வந்திருக்கலாம்; எந்த மருந்து எழுதினாலும் உன் டாக்டரிடம் இதைச் சொல்லிவை.

லீவு கிடைத்ததும் வருகிறேன் என்கிறாய். அதுவரை காத்திருக்காதே. இப்போதைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள். அக்கா வந்தால் கதவை நான்தான் திறப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாயிரு. சீக்கிரம் வா, மகளே.

இப்படிக்கு,
அப்பா