கிணற்றடியில் நின்று யாரிடம் பேசினீர்கள், மதினி?

என் பிரியமுள்ள மதினி,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் செல்போன் இப்போது என்னிடம் இருக்கிறது. "நீ காலேஜ் லைப்ரரியில இருக்க, நாலு படிச்ச ஆளுகளத் தெரியும். எம்புட்டு வந்தாலும் சரி, வித்துக் குடு தாயி" என்று அண்ணன் போன வாரம் கையில் கொடுத்தார். கனெக்‌ஷனை அவர் இன்னும் வெட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மாடல் பழசாயிருச்சே மேடம், செத்த நேரம் இருங்க" என்று உள்ளே போய் யாருக்கோ போன் போட்டார். பலகைத் தடுப்புக்குப் பின்னால் குரல் தணிந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரிடம் இந்த வேலையைக் காட்டுகிறார்? போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இந்த வேலையை நான் உங்கள் பக்கத்தில் நின்று பார்த்தவள் அல்லவா?

மில் மூடி அண்ணன் வீட்டில் உட்கார்ந்தபோது, பழைய சாமான் வாங்கி விற்கக் கிளம்பியது நீங்கள்தான். உங்கள் ராஜபாளையத்திலோ இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டை இடிக்கிறார்கள், ஒழிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நிற்பீர்கள். கூடவே நான். சாமானின் அடியில் பொறித்திருக்கும் இங்கிலீஷ் எழுத்தை வாசிப்பது என் வேலை. அங்கேயே வாய்விட்டு வாசிக்கக் கூடாது. தெருவுக்கு வந்த பிறகு காதில் சொல்ல வேண்டும்.

முதலில் விலை விசாரிக்க எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினீர்கள். திரும்பி வருவதற்குள் வேறு யாராவது சாமானைத் தூக்கிப்போய்விடுவார்கள். அதனால்தான் செகண்ட் ஹேண்டில் இந்தச் செல்லை வாங்கினீர்கள். மில் முதலாளிகள் கையில் மட்டும் இருந்த பொருள். வருகிற அழைப்புக்கும் காசு, போகிற அழைப்புக்கும் காசு. பழைய சாமான் வாங்குகிற பொம்பளைக்கு இது எதற்கு என்று உங்கள் தெருவே சிரித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ரிட்டயர்டு டீச்சர் வீடு நினைவிருக்கிறதா? உங்கள் கண் ஓர் எனாமல் அடுக்குத் தூக்கில் விழுந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாலு பித்தளைக் குடத்துக்கு அரை மணி நேரம் பேரம். நடுவில், "இருங்கக்கா, எங்க வீட்டுக்காரவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று வாசலுக்குப் போய்க் காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரிக்குப் போன் போட்டீர்கள். திரும்பி வந்து குடங்களை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்டீர்கள்.

"அந்தத் தூக்கையும் போட்டுவிடுங்கக்கா. பிள்ளைக்குச் சோறு குடுத்துவிட ஆகும்."

"எடுத்துக்கோம்மா, சும்மாதான கெடக்கு."

காரைக்குடியில் நாலு குடத்தையும்விட அந்தத் தூக்குதான் அதிகம் போனது. "ஏட்டி, வேணுங்கிறத வேணும்னு சொல்லிட்டா வெல ஏறிரும்ல" என்று பஸ்ஸில் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்குள் ஒன்று ஓடியது. என்னிடம் ஒன்று வேண்டுமென்றாலும் இவர் இப்படித்தான் கேட்பாரோ?

அன்றிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், பேசுவது என்னவென்று கேட்பதைவிட உங்கள் கண் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். உங்களுக்கு அது தெரிந்திருந்ததா?

பிறகு அந்த நாள். அப்பாவின் வத்திராயிருப்பு வீட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டு, சாமான்களை ஒழித்துக் கொடுக்கப் போயிருந்தோம். பழைய இரும்புக்காரர் தராசோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து அப்பாவின் டேபிள் பேனை அண்ணன் எடுத்து வைத்தார். நாலு இறக்கையும் பித்தளை, கூண்டும் பித்தளை. உங்கள் கண் அதில் நின்றது. உடனே விலகியது. கொஞ்ச நேரத்தில் செல்லை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போனீர்கள். காதில் போனை வைத்து, எங்களுக்கு முதுகு காட்டி, வெகுநேரம் நின்றீர்கள். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போனீர்கள் என்று நினைத்தேன்.

முகமெல்லாம் வேர்வையோடு திரும்பி வந்தீர்கள். அரிசி டிரம்மைப் பற்றிப் பேசினீர்கள். நாற்காலிகளைப் பற்றிப் பேசினீர்கள். கிளம்பும்போது பேனைத் தூக்கிக்கொண்டு சொன்னீர்கள்: "சாந்தா, இந்தப் பழைய பேனை எனக்கு விட்டுருதியா? எடைக்கு என்ன வருதோ, ஒம் பங்கத் தந்துருதேன்."

கடைசியாக. போகிற போக்கில். தூக்கைக் கேட்ட அதே குரல்.

"காரைக்குடியில எம்புட்டு சொன்னாக, மதினி?" என்றேன்.

இரும்புக்காரர் கடகடவென்று சிரித்தார். "அம்மா அமெரிக்காவுலயே கேட்டிருப்பாக, கையில போன் இருக்குல்லா!" அண்ணன் தலையைத் தூக்கவில்லை. நீங்கள் பேனை என் காலருகே இறக்கி வைத்தீர்கள். "நீயே வச்சுக்கோ, தாயி." அவ்வளவுதான். பேன் அன்றிலிருந்து என் வீட்டில் கிடக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வரவில்லை. நானும் ராஜபாளையம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தபோது உங்கள் வாயை மூடி மாஸ்க் இருந்தது. நெஞ்சில் கோளாறு என்றார்கள். எனக்கு அதுவரை தெரியாது.

செல் கடையிலிருந்து வந்த அன்று, உங்கள் போனில் காரைக்குடி நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன். ஆமாம், நீங்கள் இறந்த பிறகும் வேவு பார்த்தேன்.

"பித்தளை பேனையா சொல்றீங்க? அதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறா, ஒண்ணும் வராது" என்றார் வியாபாரி. பிறகு குரல் மாறியது. "கூண்டும் பித்தளையா? சரி, ஞாயித்துக்கெழம நானே நேர்ல வர்றேன். வேற ஆளுக்குக் காட்டிராதீங்க."

ஒன்றும் வராத சாமானைப் பார்க்கக் காரைக்குடியிலிருந்து யார் பஸ் ஏறுவார்?

"எங்க மதினி இதப் பத்தி உங்ககிட்ட கேக்கலையா?"

"இல்லையே! கேட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனேம்மா."

வியாபாரியின் வார்த்தையை நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அவருடைய அவசரத்தை நம்பினேன். முன்பே தெரிந்திருந்தால் இந்த மனிதர் எட்டு மாதம் சும்மா இருந்திருக்க மாட்டார்.

அப்படியானால் வேறு யார்? மதுரையில் ஒருவரா? இரண்டு நாள் இதே யோசனை. மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட வத்திராயிருப்புக்குப் போகவேண்டி வந்தது. உங்கள் போனையும் எடுத்துப் போனேன். கிணற்றடியில் நின்று பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கம், இந்தப் பக்கம் நகர்ந்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தேங்காய் வியாபாரியின் மனைவி சிரித்தார். "இங்க ஏதுக்கா டவரு? இன்னும் வரவே இல்ல. அந்த டப்பாவுல மணி பாக்கலாம், அம்புட்டுத்தான்."

உயிரில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றீர்களா? யாருக்காக? என்னை ஏமாற்றவா? மனம் அங்கேகூடப் போனது, மதினி. மறைக்காமல் சொல்கிறேன்.

அங்கிருந்து நேரே ராஜபாளையம் போய் அண்ணனிடம் கேட்டேன்.

"யாருகிட்டயும் பேசல. நாலு சாமானத் தூக்குனா அவளுக்கு மூச்சு முட்டும். போனைக் காதுல வச்சுக்கிட்டு ஒதுங்கி நிப்பா. அப்படி நின்னா ஒருத்தரும் வந்து என்ன ஏதுன்னு கேக்க மாட்டாகல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கவிதாவுக்கு மாப்பிள்ள பாக்குற நேரம். ஆத்தாளுக்கு நெஞ்சுக் கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா எவன் வீட்டுப்படி ஏறுவான்? ஒங்கிட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"பேன்?"

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காத்துக்குத்தான். படுத்தா மூச்சு வராது, தலகாணிய அடுக்கி உக்காந்தே கெடப்பா. மூஞ்சிக்கு நேரா காத்து வேணும்பா. மேல ஓடுற பேன் பத்தல. புதுசு வாங்கித் தாரேன்னா கேக்கல. கல்யாணமான புதுசுல அது முன்னால உக்காந்துதான தல காய வப்பா."

காற்றுக்கு. இரும்புக்காரர் எடை பார்த்தார், நான் விலை பார்த்தேன். அந்த பேனைப் போட்டால் காற்று வரும் என்பது அன்று முற்றத்தில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அண்ணன் சொன்னதையும் நான் முழுதாக நம்பவில்லை என்றால் கோபிப்பீர்களா? போனவர்களை நல்லவர்களாக்கிப் பேசுவது இருக்கிறவர்களின் வழக்கம். பத்து நாள் காற்று வாங்கிவிட்டு, பிறகு காரைக்குடிக்குப் போன் போட்டிருக்கவும் கூடியவர்தான் நீங்கள். சரி, போட்டிருந்தால்தான் என்ன? உங்கள் பிழைப்பு அது. அதற்காக நாம் பேசாமல் போயிருக்க வேண்டுமா?

நான் அன்று கேட்டது கேள்வியே இல்லை, மதினி. பதில் சொல்வதென்றால் இரும்புக்காரர் முன்னால் நோயைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நீங்கள் சம்மதிக்கவில்லை.

காரைக்குடிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேனை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று கவிதா சொல்லட்டும். அவளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் ஓர் இடம் பேசி முடிகிற மாதிரி இருக்கிறது. பையனைப் பற்றி நான் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டேன். இன்னும் இரண்டு பேரிடம் விசாரிப்பேன்.

இனி யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் நீங்களே சிரிப்பீர்கள். குணம் எங்கே போகும்? ஆனால் இதைச் சொல்ல முடியும். அண்ணன் கொஞ்ச நாளாக மதியம் சாப்பிடுவதில்லை. கேட்டால் "பசியில்ல" என்கிறார். நான் நம்பவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போகிறேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். பதில் வருகிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
சாந்தா