செண்பகத்துக்குக் கால் வந்தது

ஜனவரி 20, திங்கள்

இன்று முழுக்க அழுகைதான். செண்பகத்துக்கு வேறென்ன வேலை? பெரியம்மா திட்டினால் அழுவாள், அண்ணி அணைத்தால் அழுவாள், சும்மா விட்டாலும் அக்குள்கட்டையை ஊன்றிக்கொண்டு ஜன்னலோரம் போய் அழுவாள். சீரியலில் நொண்டி நாத்தனார் என்றால் அப்படித்தான்.

ஆனால் கட்டை என் சொந்தக் கட்டை. சின்ன வயதில் எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி ஏறிய கால் இது. ஆடிஷனில் மற்ற பெண்கள் நொண்டிக் காட்டினார்கள், நான் நடந்து காட்டினேன். வேடம் எனக்கே கிடைத்தது.

மார்க்கெட்டில் அம்மாவை இப்போது யாரும் பவுனம்மா என்று கூப்பிடுவதில்லை. "செண்பகத்தோட அம்மா, வஞ்சிரம் இன்னா வெல?" என்கிறார்கள். அம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை.

ஜனவரி 29, புதன்

உதவி இயக்குநர் எபினேசர் கதை சொன்னான். அண்ணி அம்மன் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்யப்போகிறாள், செண்பகம் எழுந்து நடக்கப்போகிறாள். "ரெண்டு வாரம் முழுக்க உங்க டிராக்தான் மேடம்."

என்னை வைத்து ஒரு நாள்கூடக் கதை ஓடியதில்லை. வரும்போது ஷேர் ஆட்டோவில் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

புரோமோ வந்துவிட்டது. என் முகம், கோயில் மணி, "செண்பகம் நடப்பாளா?" எங்கள் நெட்டுக்குப்பம் முழுக்க இதே பேச்சு. அம்மா எல்லையம்மனுக்குப் பொங்கல் வைத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். "டிவிலதாம்மா நடக்கறேன்" என்றேன்.

"தெரியும்டி. அதுலயாவது நீ நடந்துகினு போறத பாத்துக்கறேன்."



பிப்ரவரி 9, ஞாயிறு

கட்டை இல்லாமல் நிற்கப் பழகுகிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு. விழுந்தேன். தம்பி வெற்றி தூக்கிவிட்டான். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? கேமரால முட்டிக்கு மேலதான காட்டுவான்" என்றான்.

அதுவும் சரிதான். மேலே மட்டும் எடுத்தால் சமாளித்துவிடலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

கோயில் செட். சன்னிதி முன் தரையில் கிடந்தேன். கையை ஊன்றி எழப் பார்ப்பது வரை எடுத்தார்கள். "அவ்ளோதான் மேடம் இன்னிக்கு."

மிச்சம் எப்போது? எபினேசர் போனைப் பார்த்துக்கொண்டே "சொல்றோம்" என்றான்.

பிப்ரவரி 17, திங்கள்

சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நானே போன் செய்தேன். நடக்கிற செண்பகத்துக்கு நடக்கிற பெண் வேண்டுமாம். பெங்களூரிலிருந்து ஒருத்தி வந்துவிட்டாள்.

எவ்வளவு மடச்சி நான். செண்பகத்துக்குக் கால் வந்தால் எனக்கு அங்கே என்ன வேலை? இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா? — செவுத்தப் புடிச்சிகினு பழகினேனே. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல ஒருத்தனுக்கும் தோணலியா? குப்பத்துக்கே பொங்கல் குடுத்தாளே எங்கம்மா, அவகிட்ட இன்னான்னு சொல்வேன்?

எபினேசர் கெட்டவனில்லை. "அவங்களுக்குத் தமிழ் வராது மேடம். வாய்ஸ் மட்டும் நீங்களே குடுங்க, ஜனங்களுக்குப் பழகிடுச்சு" என்றான்.

போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

டப்பிங்குக்குப் போனேன். வேறு யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள்?

திரையில் அவள் எழுந்து நிற்கிறாள். அழகாகத்தான் நிற்கிறாள். "அண்ணி, நான் நிக்கிறேன்" என்று நான் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொன்னேன். உட்கார்ந்து சொன்னால் நிற்கிற சந்தோஷம் குரலில் வரவில்லை என்று ஒலிப்பதிவாளர் நாற்காலியை எடுத்துவிட்டார். அக்குளில் கட்டையைக் கொடுத்து நின்று சொன்னேன். ஓகே ஆனது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

அம்மா சீக்கிரமே சமையலை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். திரையில் நான் கையை ஊன்றினேன். மணி அடித்தது. எழுந்தது அவள். கீழே எழுத்து ஓடியது — இனி செண்பகமாக இவருக்குப் பதில் இவர்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படிக்க என்ன இருக்கிறது?

"அந்தப் பொண்ணு நல்லா நடக்குது" என்றாள். பிறகு, "கொரலு உன்னுதாச்சே" என்றாள். எழுந்து போய் மீன் கூடையைக் கழுவினாள். காலையிலேயே கழுவி வைத்திருந்த கூடை.

ஏப்ரல் 8, செவ்வாய்

செண்பகம் மாடிப்படியில் ஓடி ஏறும் காட்சி. வசனம் எதுவும் இல்லை. மூச்சு வாங்குவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்விட்டு வந்தேன்.