எலுமிச்சைக்கு வைத்த எரு

களக்காடு,
பரிதாபி வருஷம், தை மாதம்.

கொழும்பிலிருக்கும் அத்தான் அவர்களுக்கு, பிரம்மநாயகி நமஸ்கரித்து எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். நீங்கள் இன்னும் பார்க்காத உங்கள் மகள் சொர்ணாம்பாள் சுவரைப் பிடித்து நடக்கிறாள். அங்குள்ள சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீங்கள் வைத்த எலுமிச்சைத் தோட்டம் போய்விட்டது என்றுதான் ஐப்பசியில் நினைத்தேன். விடாத மழை. வேரடியில் தண்ணீர் கட்டி, இலை மஞ்சளாகி, கொப்புகள் நுனியிலிருந்து காய்ந்தன. நெல் விளைகிற பூமியில் எலுமிச்சையா என்று மாமா, பெற்ற பிள்ளை என்றும் பாராமல் உங்களோடு சண்டை போட்டதும், நீங்கள் கோபித்துக் கப்பலேறியதும் ஊரறிந்ததுதானே. இதுதான் சாக்கு என்று மரங்களை வெட்டச் சொல்வாரோ எனப் பயந்திருந்தேன்.

அவரோ மண்வெட்டியோடு போய், தோட்டத்துக்குக் கீழே புதிதாக நட்டிருந்த தம் வயலின் வரப்பை வெட்டிவிட்டார். தோட்டத்துத் தண்ணீரெல்லாம் வயல் வழியே வடிந்தது. நாற்றும் அதோடு போயிற்று. கூட நின்ற பண்ணையாள் இசக்கியப்பன், "ஐயா, நடவு போயிருமே!" என்று பதறினானாம். "நெல்லு அடுத்த போகத்துல வெளையும்லே. மரம் செத்தா வருமா?" என்றாராம் மாமா.

ஈரம் காய்ந்ததும், எருவுக்காக வயலில் அடைக்கப் பேசியிருந்த ஆட்டுக்கிடையைத் தோட்டத்தில் மறித்தார். கோடையில் வெட்டிக் குவித்த குளத்து வண்டலைத் தாமே கூடையில் சுமந்தார். அடிமரத்தில் எரு பட்டால் சூடு என்று, ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கொத்திப் போட்டார். இருமுகிறார், சொன்னால் கேட்பதில்லை. "மரம் என்ன செஞ்சுது? அது மேல எனக்கு என்ன கோவம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளத்து வரிசை பட்டுப்போயிற்று. மற்றதெல்லாம் துளிர்த்துவிட்டது, சிலவற்றில் பூவும் இருக்கிறது.

உங்களுக்குக் கடிதம் எழுதப்போவதாக நேற்று அவரிடம் சொன்னேன். உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர், போகவில்லை. "எம்மா, வேப்பம்புண்ணாக்கு மரத்துக்கு எம்புட்டு வைக்கணும்னு அவங்கிட்டக் கேட்டு எழுது" என்றார். அவருக்கா தெரியாது? ஆயுள் முழுக்க மண்ணோடு கிடந்தவர்.

ஆகையால் அத்தான், இதற்குப் பதிலைத் தபாலில் எழுதவேண்டாம். தூத்துக்குடிக் கப்பலில் வந்து, அவரிடமே நேரில் சொல்லுங்கள்.

காந்திமதியம்மன் துணையிருப்பாள்.

உங்கள் பாதம் பணியும்,
பிரம்மநாயகி