வட்டமாக எழுதிய மனு

கோபக்கார மகளின் அன்பு அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை மூன்று நாள் விடாமல் மழை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு வாசலிலும் தண்ணீர் நிற்கவில்லை. பஸ் ஓடும் காலி வீதியிலிருந்து இறங்கி வந்ததெல்லாம் வடிகானுக்குள் விழுந்து, ரயில் பாதைக்குக் கீழால் நேரே கடலுக்குப் போய்விட்டது. கீழ்வீட்டு ரிஸ்வானா இந்த முறை தையல் மெஷினைக் கட்டிலுக்கு மேல் தூக்கி வைக்கவில்லை. அம்மா பல்கனியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்.

இது எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்கு நம் பழைய சண்டையிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போவதற்கு முந்தைய வருடம் அது. ஒழுங்கை முனையில் புது அடுக்குமாடி எழும்பியபோது பழைய வடிகான் மண்ணால் மூடிப்போனது. எதிர்வீட்டு நிமல் அய்யா, அதைத் திறந்து தரும்படி மாநகரசபைக்கு எழுதிய மனுவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். நீங்கள் அவரைக் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மனுவை முழுக்க வாசித்தீர்கள். பிறகு கையெழுத்து வைக்காமலே திருப்பிக் கொடுத்தீர்கள்.

நான் அப்போது கொழும்பில் வெள்ளவத்தை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை என்று வினாக்கொத்தோடு அலைந்துகொண்டிருந்தேன். மனிதர்கள் எப்போது 'நான்' என்பதை விட்டு 'நாங்கள்' என்று நினைக்கிறார்கள், அப்படி நினைத்தால் ஒன்றாக இறங்கிவிடுகிறார்களா என்பதுதானே என் ஆராய்ச்சி. சமூக உளவியல் என்று நான் மூச்சு முட்ட விளக்கியும், சொந்தக்காரரிடம் அதை நீங்கள் "ஆக்களைக் கேள்வி கேக்கிற வேலை" என்று முடித்துவிடுவீர்கள். ஊரையெல்லாம் கேட்டு வருகிறவளின் வீட்டிலேயே இப்படியா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இரவுச் சாப்பாட்டில் உங்களைப் பிடித்தேன். நீங்கள் இடியப்பத்தைப் பிய்த்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பிள்ளை, பேர் எழுதின கடதாசி கடைசியில ஆரின்ரை கைக்குப் போய்ச் சேருமெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் உங்களைப் பயந்தாங்கொள்ளி என்றேன். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டியவர்களை நீங்கள் கலவர நாட்களில் பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன், அப்பா.  நீங்கள் சொதிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தீர்கள்.

அதோடு நின்றேனா? ஆராய்ச்சியிலும் எழுதினேன். வெள்ளவத்தைத் தமிழர் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள், ஆனால் கூட்டாக இறங்கமாட்டார்கள் என்று. உதாரணத்துக்கு உங்களையும், ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர் என்று, சேர்த்துக்கொண்டேன். பெயர் போடவில்லை. அந்த மரியாதையாவது செய்திருக்கிறேன்.

நிமல் அய்யாவின் மனு எங்கேயோ ஒரு மேசையில் தூங்கிப்போனது. இந்த வருட முதல் மழையில் ரிஸ்வானாவின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய முன்னறையில் ஒழுங்கைக்காரர் எல்லோரும் கூடினோம். அம்மாவும் வந்தார். நான் வழக்கம்போல் குறிப்புக் கொப்பியோடு போய்க் குந்தினேன்.

நிமல் அய்யா பழைய ஃபைலைத் திறந்து, மடித்திருந்த ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். ஒழுங்கையின் வரைபடம். பழைய வடிகான் எந்த வீட்டுச் சுவருக்கு எத்தனை அடியில் போகிறது, எந்த இடத்தில் வளைகிறது, மண்ணுக்கடியில் அதைத் திறக்கும் மூடி எங்கே இருக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. எழுத்துகளைப் பார்த்ததும் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கெல்லாம் பெயர் எழுதித் தந்த எழுத்து. வரைந்தவரின் பெயருக்காக வலது மூலையில் நீங்கள் எப்போதும் போடும் பெட்டியும் இருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை.

உங்களைச் சிங்கள மரியாதையில் 'மாத்தயா' என்றே அழைக்கும் நிமல் அய்யா, என்னைப் பார்த்துத் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார். "மாத்தயா சொன்னது, பேர் போட வேண்டாம். படம் போதும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நீங்கள் இருவரும் காலையில் கடற்கரைக்கு நடக்கப் போவதாக அல்லவா நான் நினைத்திருந்தேன்? ஒழுங்கையை அளந்திருக்கிறீர்கள். டேப்பின் மற்றத் தலைப்பைப் பிடித்தது அம்மாவாம்.

வரைபடத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். பிறகு புது மனு சுற்றுக்கு விடப்பட்டது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோர் கையிலும் போய்விட்டு வெறுமையாகவே திரும்பி வந்தது. ஒவ்வொருவரும் அக்கறையாக வாசித்தார்கள், தலையாட்டினார்கள், பக்கத்தவரிடம் கொடுத்தார்கள். முதல் பெயராக இருக்க ஒருவருக்கும் மனமில்லை. நானும் அதைத்தான் செய்தேன், அப்பா. பேனை என் கையில் இருந்தது.  மெல்லப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டேன். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்றவள்!

ரிஸ்வானா எழும்பிக் குசினிக்குள் போய் ஒரு சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். அதை மனுவின் கீழ்ப்பாதியில் கவிழ்த்து வைத்து, துணி வெட்டக் கோடு போடுகிறவரின் கையல்லவா, சுற்றிவர ஒரே இழுப்பில் வட்டம் கீறினார். அவர்கள் வீட்டு விருந்துகளில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றியிருந்து ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடுவார்களே, அதைத்தான் சொன்னார்.

"சஹன்ல மொதல்ல யாரு கை வெச்சதுன்டு யாருக்கு நெனவிருக்கும்? இந்த வட்டத்தச் சுத்திப் பேர எழுதுங்க. மொத ஆளும் இல்ல, கடைசி ஆளும் இல்ல."

சிரிப்பு வந்தது. யாரும் அசையுமுன் அம்மா ரிஸ்வானாவிடம் பேனையைக் கேட்டார். யோசித்துத்தான் கேட்கிறாரா என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"உன்ரை அப்பர் படம் கீறிக் குடுத்திட்டார். பேர் போடுறது என்ரை வேலை."

அதன் பிறகு வட்டம் நிறையக் கால்மணி நேரமும் ஆகவில்லை.

ஆனால் பயம் விட்டுவிடுமா? மனு போன பிறகு ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு நாள் காலை கதவைத் திறந்தால், கையில் தாளோடு ஒரு மனிதர். சிவகுருநாதன் மாத்தயாவின் வீடு இதுதானா என்று சிங்களத்தில் கேட்டார்.  அம்மா பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் தாளை விரித்தார். உங்கள் வரைபடம், அப்பா. வடிகான் வெட்ட வந்த ஆட்களின் மேற்பார்வையாளர் அவர். மூடி இருக்கும் இடத்தைக் கீறினவரின் வீட்டிலேயே கேட்டுக்கொண்டால் நல்லது என்று நிமல் அய்யா அனுப்பியிருக்கிறார். நீங்கள் இல்லையென்று சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரில் மாட்டிய உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தானே கூட இறங்கிப் போய் இடத்தைக் காட்டினார். நீங்கள் குறித்த இடத்திலேயே மூடி இருந்தது.

எத்தனை வருடப் பாரம் அது? எங்கள் கதவுக்குத் தாளோடு ஒருவர் வந்தார், தேத்தண்ணி குடித்தார், போனார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் நன்றாக அழுதேன். அழுது முடிந்ததும் பசித்தது.

என் வினாக்கொத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து வைத்தீர்களா, கூட்டத்துக்குப் போனீர்களா என்று கேட்டிருந்தேன். வேறென்ன செய்தீர்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. பெயரை மறைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பேர் எதையெல்லாம் செய்து கொடுத்தார்களோ? நான் பார்க்கத் தெரியாமல் பார்த்துவிட்டு, அவர்களிடம் 'நாங்கள்' இல்லை என்று எழுதிவிட்டேன்.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். அதே கதவுகளைத் திரும்பத் தட்டி, விட்டுப்போன அந்தக் கேள்வியைக் கேட்பேன். நான் எழுதியது பிழை என்று என் பெயரைப் போட்டே எழுதுவேன்.

வரைபடத்தின் பெட்டியில் உங்கள் பெயரை எழுதட்டா என்று நிமல் அய்யா கேட்டார். வேண்டாம் என்றேன். நீங்கள் விட்டது விட்டபடியே இருக்கட்டும். உங்கள் படத்துக்குக் கீழே வைத்திருக்கும் மனுவின் பிரதியில் வட்டத்தைப் பாருங்கள். ரிஸ்வானாவுக்கும் நிமல் அய்யாவுக்கும் நடுவில், அம்மாவின் கோணல் எழுத்தில், 'திருமதி சிவகுருநாதன்' என்று இருக்கிறது.

பேனையைப் பக்கத்தவரிடம் நீட்டிவிட்டு, அம்மா எழுதிய பிறகு திரும்ப வாங்கி வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் கையெழுத்து வைத்த
உங்கள் மகள்,
வாசுகி சிவகுருநாதன்