அம்மாவின் மருந்துச் சீட்டு உன் போனுக்கு வந்த காரணம்

அன்பு மகள் வினோதாவுக்கு,

ஓசூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளை சிவராஜும் அங்கே நலமாக இருக்க வேண்டும். நலம் என்ற சொல்லை இந்த முறை அம்மாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்கு, மாதேஸ்வரி அவர்களே உங்கள் மருந்துச் சீட்டு தயார் என்று வந்ததைப் பார்த்து நீ பதறிப்போய்க் கூப்பிட்டாய். ஒன்றுமில்லை, அதை எனக்கு அனுப்பிவை என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா எதிரிலேயே நின்றுகொண்டு, புள்ளைகிட்ட எதுவும் சொல்லாதீங்க என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். கடிதம் எழுதுகிறவனிடம் அப்படிக் கை காட்ட முடியாது, மின்சாரக் கட்டணம் பற்றிப் புகார் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சிப்காட் பக்கம் நாம் போகும் ஆஸ்பத்திரியில் போன வருஷத்திலிருந்து காகிதமே கிடையாது. டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டுகிறார், சீட்டு நம் போனுக்கு வருகிறது, கீழே மருந்துக் கவுண்ட்டரில் காட்டினால் ஸ்கேன் பண்ணிப் பையைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். சீட்டு தொலைவதில்லை, மழையில் நனைவதில்லை, எந்த மருந்து நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று பதிந்துவைத்தால் அதுவே எச்சரிக்குமாம். முன்பெல்லாம் டாக்டரின் எழுத்தை டாக்டராலேயே படிக்க முடியாது. நம் மெடிக்கல் ராமப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யாருக்குண்ணா, சுகருக்கா பிபிக்கா, சாப்டறதுக்கு முன்னயா பின்னயா என்று நம்மையே விசாரிப்பான். எழுத்துப் புரியாததால் கேட்டான். இப்போது எழுத்துப் புரிகிறது, அதனால் யாரும் எதையும் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் அத்தைக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். அவள் மகன் மாதேஷ் எந்தக் கம்பெனி சலுகை கொடுத்தாலும் அந்த சிம்முக்கு மாறிவிடுகிறவன். அதனால் தை மாதம் அவளை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது என் நம்பரைக் கொடுத்தேன். நம் தெருவில் பாதிப் பேருக்கு எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான், யார் வீட்டுக்கு சிலிண்டர் கிளம்பினாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். பதிவு செய்த பெண் உறவு என்ன என்றாள். பக்கத்து வீடு என்றேன். அப்படி ஓர் உறவு கம்ப்யூட்டரில் இல்லை சார், காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது என்று சொல்லி, மனைவி என்று போட்டுக்கொண்டாள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிற வெங்கடம்மாள் வெளியே வந்து சிரித்துவிட்டு, மாதேஸ்வரிகிட்ட மட்டும் சொல்லிடாதண்ணா, அப்புறம் கொழம்பு குடுக்கமாட்டா என்றாள்.

சென்ற மாதம் அம்மாவுக்குத் தலைசுற்றல். அதே ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பரைச் சொன்னேன். அங்கே மனைவி என்று ஏற்கெனவே ஒருவர் இருந்தார். இந்த முறை உட்கார்ந்திருந்தது வேறொரு பெண். பேரு தப்பா இருக்கு சார், சரி பண்ணிட்டேன் என்றாள். நானும் நன்றி சொன்னேன். அவள் வெங்கடம்மாளின் பெயரை எடுத்துவிட்டு அம்மாவின் பெயரைப் போட்டிருக்கிறாள், வியாதியை அப்படியே விட்டிருக்கிறாள். டாக்டர் திரையைப் பார்த்தபடியே பிபிக்கு ஒரு மாத்திரை சேர்த்து, பழைய மருந்தும் தொடரட்டும் என்று ஒரு பொத்தானை அழுத்தினார். பழைய மருந்து என்றால் வீட்டில் இருக்கும் கால்வலித் தைலத்தைச் சொல்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாளாம்.

கவுண்ட்டரில் கொடுத்த பையில் இருந்ததையெல்லாம் விழுங்கிய மறுநாள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. வெயில் என்றாள். ஓசூர்க் குளிரில் இருந்துகொண்டு அதைச் சொன்னாள். கொத்தமல்லி கேட்டு வந்த வெங்கடம்மாள் மேஜைமேல் மாத்திரை அட்டையைப் பார்த்ததும், இதி நா மாத்ர கதா என்று கத்தினாள். இது என் மாத்திரையாச்சே என்று அர்த்தம், பயம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். சக்கரை இல்லாதவ இதத் தின்னா இருக்கறதும் எறங்கிப்பூடும்டி, வாயத் தொற என்று அதட்டி, வெல்லத்தைக் கரைத்துக் குடிக்கவைத்தாள். ஆட்டோ பிடித்து வேறோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றி ஒரு ராத்திரி படுக்கவைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார். நானும் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பிறகு முதல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். மேனேஜர் தமிழரசன் என்பவர் உட்காரவைத்து, காபி கொடுத்து, சிஸ்டத்தில் தவறு இல்லை, பதிந்ததில்தான் தவறு என்று பொறுமையாக விளக்கினார். அந்த வித்தியாசம் மாதேஸ்வரியின் உடம்புக்குத் தெரியவில்லை என்றேன். வெங்கடம்மாளின் பழைய விவரத்தைத் தேடச் சொன்னால், அப்படி ஒரு நோயாளியே இங்கே இல்லை என்று வந்தது. கூடவே நின்றிருந்தவள், அப்ப நான் யாருண்ணா என்று என்னைக் கேட்டாள். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், லேபிள் ஒட்டி வந்த பாகத்தையும் அடுத்த மேஜைக்காரன் ஒருமுறை அளந்துதான் கீழே வைப்பான், லேபிளை யாரும் அளவாக எடுத்துக்கொண்டதில்லை. அதையும் சொன்னேன். மேனேஜர் குறித்துக்கொண்டார். எதில் என்று தெரியவில்லை, அங்கேதான் காகிதம் கிடையாதே.

இப்போது ஆளுக்கு ஒரு நம்பர் என்று விதி வந்துவிட்டது. அம்மாவிடம் நம்பர் கேட்டார்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான், நீ காலேஜில் சேர்ந்தபோது வாங்கி இன்னும் வாட்ஸ்அப்புக்கு வைத்திருக்கிறாயே, அது. தடுமாறாமல் சொல்லிவிட்டாள். வரும் வழியில், மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், அவ படிச்சுப் பாப்பா என்றாள்.

ஆக, இனி நீ அங்கிருந்து அனுப்பினால்தான் இங்கே அம்மாவுக்கு மருந்து. அனுப்புவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, யாருக்கு, எதற்கு, புதுசா பழசா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேள். ஏண்டி போலீஸ் மாதிரி கேக்கற என்று திட்டுவாள். ராமப்பனையும் அப்படித்தான் திட்டுவாள். அவன் விட்டதில்லை, நீயும் விடாதே.

மற்றபடி, சானமாவுக் காட்டுப் பக்கம் யானைகள் வந்திருக்கின்றன, மாதேஷ் அந்த வழியில் பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறான். கம்பெனி வேலையாக உங்கள் ஊருக்கு வரும் விமல்ராஜிடம் இந்தக் கடிதத்தோடு ராகி மாவும் கொடுத்திருக்கிறேன். அம்மா கேட்டால் மாவு மட்டும் வந்தது என்று சொல். நீங்கள் இருவரும் எந்த ஆஸ்பத்திரியின் திரையிலும் ஏறாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம்.

உன் அன்பு அப்பா,
நாராயணப்பன்
(கம்ப்யூட்டர் கணக்குப்படியும் இப்போது ஒரே மனைவி)