பதினொன்று பத்துக்கு விடியும் தொட்டி

பிப்ரவரி 9

என்ஜின் ரூம் மகாராஜா அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்காரி வணக்கத்தையும் கோபத்தையும் சரிபாதியாகக் கலந்து எழுதுவது. நானும் சின்னக்குட்டியும் நலம். உங்கள் மூத்த சம்சாரமான பவளத்தொட்டியும், அந்தக் கண்ணாடிக்குள் நீங்கள் வளர்க்கிற உயிர்ப்பவளங்களும் நலம். இதைக் கப்பல் கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்ப்பார்களாம். போனில் சண்டை போட்டால் சிக்னல் இல்லை என்று தப்பித்துவிடுகிறீர்கள். காகிதத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது.

விஷயம் விளக்குதான். வளர்ப்பு மீன் கடை அண்ணன் டியூப் லைட்டே போதும் என்று தலையில் அடித்துக்கொண்டபோதும், போனிலிருந்தே நிறம் நிறமாகத் தனித்தனியே ஏற்றி இறக்குகிற எல்.இ.டி.தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினீர்களே, அதே விளக்கு. எனக்குச் செருப்பு வாங்கப் போனால் பத்தாவது நிமிஷம் கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷர், அன்று மூன்று மணி நேரம் கடையில் நின்றீர்கள். வெயில் படக்கூடாது என்று தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினோம். என் தையல் டேப்பைப் பிடுங்கி, தண்ணீருக்கு மேல் சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு கம்பிகளில் விளக்கைத் தொங்கவிட்டீர்கள். வெளிச்சம் அதிகம் கேட்கிற பவளம் மேல் பாறையில், மூளைப் பவளம் கீழே மணலில் நிழலாக. ஆறு அங்குலத்துக்குக் கீழே இறக்கினால் உப்புத்தண்ணீர் தெறித்து விளக்கு கெட்டுவிடும் என்று இரண்டு பக்கம் எழுதி ஒட்டிவிட்டுப் போனீர்கள். எனக்கென்று அதில் அரை வரி இருந்தது, அதுவும் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி.

இப்போது கேளுங்கள். காலை ஆறு மணிக்கு எரிய வேண்டிய விளக்கு தினமும் இருபது, இருபத்தைந்து நிமிஷம் தள்ளித் தள்ளி எரிகிறது. இன்றைக்கு ஒன்பதரை. அண்ணன் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் விளக்கை வீட்டு நேரத்துல வைக்காம தன்னோட போன் இருக்கிற இடத்து நேரத்துல வச்சிட்டுப் போயிருக்காரு. கப்பல் மேற்கால போகப் போக இங்க விடியறது லேட் ஆகும்" என்றார். பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் உங்கள் போனின் பிடி விட்டு என் போனுக்கு வந்துவிடுமாம். நீங்கள் போனில், "அப்படியே இருக்கட்டும், நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியுமில்ல" என்றீர்கள். தப்புப் பண்ணிவிட்டு அதற்கு ஒரு காதல் வசனம் வேறு. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் விளக்கு எரிந்ததும் சின்னக்குட்டி, "அப்பா முழிச்சுட்டாரு" என்று கத்துகிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இளைய சம்சாரம்


மார்ச் 2

அன்புள்ள உங்களுக்கு,

போன வாரம் கொடுத்த கடிதத்தை ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எந்தத் துறைமுகம் என்று கேட்டதற்கு அங்கே வேலை பார்க்கிற அம்மா கவரை டிராயரில் வைத்து மூடினார்.

போன மாதம் பதினான்காம் தேதியிலிருந்து உங்கள் கப்பலிடமிருந்து ஒரு சத்தமும் இல்லையாம். தேடிக்கொண்டிருக்கிறார்கள், பயப்படாதீர்கள் என்றார்கள். பயப்படாமல் எப்படி இருப்பது? நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பதினான்காம் தேதி விளக்கு பதினொன்று பத்துக்கு எரிந்தது. மறுநாளும் பதினொன்று பத்து. இன்றைக்கும் அதே பதினொன்று பத்து. அதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. எங்கேயோ ஓரிடத்தில் நிற்கிறீர்கள், என்ஜின் ரிப்பேர், நீங்கள்தான் எண்ணெயும் கரியுமாக உள்ளே தலையை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஆபீஸில் இதைச் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, போன் கடைசியாக இருந்த இடத்தையே விளக்கு நினைவில் வைத்திருக்கும் என்றார். இருக்கலாம். நான் படித்தவளில்லை.

ஆனால் நிறத்தை யார் மாற்றுகிறார்கள்? முதலில் சிவப்பு போயிற்று. மேல் பாறையில் ரோஜா நிறத்தில் இருந்தது சாம்பலாகத் தெரிந்தது, பவளம் வாடுகிறது என்று பதறிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ரோஜா அப்படியே இருக்கிறது, விளக்கில்தான் சிவப்பு இல்லை. நான்கைந்து நாளில் மஞ்சளும் குறைந்துவிட்டது. அண்ணனுக்குக் கப்பல் விஷயம் இன்னும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சொன்னார்: "கடல்ல கீழ போகப் போக இப்படித்தான் தங்கச்சி. மொதல்ல செவப்பு சாகும், அப்புறம் மஞ்சள், பச்சை. கடைசியில நீலம் மட்டும்தான் மிஞ்சும். யாரோ ஆழத்து வெளிச்சம் வைக்கத் தெரிஞ்சவங்கதான் வைக்கிறாங்க."

 தம்ளரில் தண்ணீர் கொடுத்து அவரை அனுப்பிவைத்தேன்.

நீங்கள் விளையாடுகிறீர்கள் என்றால் போதும், நிறுத்துங்கள். நான் கோபப்படமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 21

என்னங்க,

இனிமேல் கடிதங்களை ஆபீஸில் வாங்கமாட்டார்களாம். அதனால் இதை மடித்துத் தொட்டிக்கு அடியில், உங்கள் உப்பு டப்பாவின் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.

போன வாரம் அந்த ஆபீஸ் அம்மா வீட்டுக்கே வந்தார். தேடுவதை நிறுத்திக்கொள்ளக் குடும்பத்துக்குச் சம்மதம் என்று ஒரு காகிதம். இருபத்தொரு வீட்டில் கையெழுத்துப் போட்டாயிற்றாம், நான் ஒருத்திதான் பாக்கி. "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா இத்தனை நாள் தண்ணியில யாரும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அப்போது மணி பதினொன்று பத்து. விளக்கு எரிந்தது. வெறும் நீலம், அதுவும் கருநீலம். அவர் முகமெல்லாம் நீலமாகிவிட்டது. தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து விளக்கின் நினைவைத் திறந்து பார்த்தார். சிவப்பைக் குறைத்தது, மஞ்சளை அணைத்தது, தினமும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது எல்லாம் வரிசையாக இருந்தது. எல்லாம் உங்கள் போனிலிருந்து. கடைசியாக மாற்றியது அன்று காலை. வெளிச்சம் நூற்றுக்கு ஆறு. அண்ணன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "தங்கச்சி, இந்த வெளிச்சத்துல பவளம் ஒரு வாரம்கூடத் தாங்காது. பட்டனை அழுத்திடு. விளக்கு உன் கைக்கு வந்துடும்" என்றார். அழுத்தினால் உங்கள் போனோடு இருக்கிற பிடி போய்விடும், திரும்பச் சேர்க்க உங்கள் போன் இங்கே வரவேண்டும் என்றும் அவர்தான் சொன்னார்.

அந்தக் காகிதத்துக்கும் இந்தப் பட்டனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் தொடமாட்டேன்.

ஆனால் நீங்கள் ஆசையாக வளர்த்ததைச் சாகவும் விடமுடியாது. அதனால் கம்பியைத் தளர்த்தி விளக்கைக் கீழே இறக்குகிறேன். நீங்கள் வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க, நான் அதைப் பவளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். பன்னிரண்டு அங்குலம் ஒன்பதாயிற்று, ஆறாயிற்று. நீங்கள் எழுதி ஒட்டியதை மீறித்தான் நாலுக்கு வந்தேன். நேற்று டேப் வைத்து அளந்தேன், ஒன்றரை. விளக்கின் கண்ணாடியில் உப்புப் படிகிறது, தினமும் நாலு தடவை துடைக்கிறேன். ஒயர் ஈரமாகிறது. தொட்டால் சுரீர் என்கிறது. அண்ணன் கத்திவிட்டுப் போனார்.

சின்னக்குட்டி இப்போது கத்துவதில்லை. விளக்கு எரிந்ததும் கண்ணாடியில் காதை வைத்துக்கொள்கிறாள். இன்று, "அப்பா முழிச்சுட்டாரும்மா, ஆனா மேல பாக்கிறாரு" என்றாள். நான் தொட்டியைப் பார்த்தேன். பவளங்கள் அத்தனையும் வாயைத் திறந்துகொண்டு, எப்போதும் இல்லாத அளவுக்கு நீண்டு, விளக்கை நோக்கி எழும்பி நிற்கின்றன. மணலில் கிடக்கிற மூளைப் பவளம்கூட. எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடு பயமாக, நீங்கள் பக்கத்தில் இருக்கிற மாதிரியும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியவில்லை.

இன்று காலை நூற்றுக்கு மூன்று. நாளைக்கு என்ன வைப்பீர்களோ. விளக்கை இறக்க இனி இடமில்லை, அடியில் தண்ணீர் தட்டுகிறது.

என்னால் முடிந்த மட்டும் நான் கீழே வந்துவிட்டேன். மீதித் தூரத்தை நீங்கள் ஏறி வந்துவிடுங்கள். நாளைக்குப் பதினொன்று பத்துக்கு, ஒரே ஒரு தடவை, கொஞ்சம் சிவப்பு வையுங்கள். நானும் குழந்தையும் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத உங்கள் வீட்டுக்காரி