அக்காவின் கடையும் ஆற்றுக் கலங்கலும்

ஜூன் 3, செவ்வாய்

அக்காவின் சலவைக் கடைக்கு மூன்று இயந்திரங்களும் வந்து இறங்கிவிட்டன. இத்தனை காலம் ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்தவள், இனி தன் கடையில் தானே முதலாளி. வாசலில் நின்று இயந்திரங்களைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஏதோ கன்றுக்குட்டிகள் மாதிரி.

பொருத்த வந்தவர் என்னைக் காட்டி, "இவங்க என்ன பண்றாங்க?" என்றார்.

"தண்ணிய உத்துப் பாக்குற வேலை. மாசம் பொறந்தா அதுக்குச் சம்பளமும் குடுக்குறாங்க."

மானம் போயிற்று. ஆனால் அவள் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை. குடிநீர் நிலைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி மீட்டருக்குள் வைப்பேன். உள்ளே ஒளி பாயும். தண்ணீரில் மண்ணோ தூசியோ மிதந்தால் ஒளி பக்கவாட்டில் சிதறும். எவ்வளவு சிதறுகிறதோ அதுதான் கலங்கல். கண்ணுக்குப் பளிங்காகத் தெரிகிற தண்ணீர்கூட மீட்டரிடம் மாட்டிக்கொள்ளும்.

ஜூன் 6, வெள்ளி

மேலே மலைப்பக்கம் நல்ல மழையாம். அக்கா கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டினாள். கோணல் என்றேன். "ஒன் கண்ணுதான் கோணல்" என்றாள்.

ஜூன் 7, சனி

ஆறு காலையிலேயே பால் குறைந்த தேநீர் நிறம். படிகாரத்தைக் கூட்டிப் போட்டும் மண் படிய மாட்டேன் என்கிறது. மணல் வடிகட்டியைத் தாண்டி வந்த தண்ணீரில் கலங்கல் காலையில் புள்ளி நான்கு, மாலையில் புள்ளி ஒன்பது. ஒன்றைத் தாண்டக் கூடாது.

வீட்டுக்கு வந்தால், நாளைக்குக் கடை திறப்புக்கு நான் கட்ட வேண்டிய புடவையை அக்கா இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறாள். கலங்கல் ஏறுவதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? இன்னும் தாண்டவில்லையே.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று புள்ளி எட்டு.

முதலில் குப்பியைச் சந்தேகப்பட்டேன். விரல் ரேகை பட்டாலே எண் ஏறும். மெல்லிய துணியால் துடைத்து மறுபடி வைத்தேன். அதே எண். காற்றுக் குமிழியாக இருக்குமோ? சற்று நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தேன். வேறு குப்பி, புது மாதிரி. மீட்டரே பொய் சொல்கிறதோ என்று, எண் தெரிந்த சோதனைத் திரவத்தையும் வைத்துப் பார்த்தேன். அது சொல்ல வேண்டியதைச் சொன்னது. மீட்டர் நல்ல மீட்டர்தான். அது கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்ட நான்தான்... சரி, விடு.

பொறியாளர் தானே வந்து எண்ணைப் பார்த்தார். "ஒங்க அக்கா கடை இன்னைக்குத்தானே?"

"ஆமா சார்."

எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஊருக்குப் போகிற குழாயை மூடச் சொன்னார். ஏற்கெனவே பிடித்து வைத்த தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மைக் வண்டியும் கிளம்பியது.

அக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"கொஞ்சம் மண்ணுதானடி? குளோரினக் கூடப் போட்டா ஆகாதா?"

"மண்ணு மட்டும்னா பரவால்லக்கா. கிருமி அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். குளோரின் அதுகிட்டப் போய்ச் சேராது."

"என் கடை திறக்கிற நாளாப் பாத்தா?"

"ஊர்ல எத்தன கொழந்தைங்க குடிக்கிற தண்ணி..."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சு தொலைக்கிறதாலதான் கோவமா வருது. நீ தப்பு பண்ணியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்!"

போனை வைத்துவிட்டாள். அழைத்திருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொன்னாளாம். பாவம், என்னென்ன கேட்டார்களோ.

ஜூன் 9, திங்கள்

அக்கா பேசவில்லை. சாப்பாட்டு டப்பா மட்டும் வழக்கம்போல வாசலில் தயாராக இருந்தது. திறந்தால், எனக்குப் பிடித்த வறுவல் இரண்டு பங்கு. இது என்ன வகைக் கோபம்?

நாள் முழுக்க ஆற்றுத் தண்ணீரை ஆறு ஜாடிகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரத்தை ஒவ்வோர் அளவாகப் போட்டுக் கலக்கிப் பார்த்தோம். எல்லாம் அப்படியே கலங்கலாக நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தன நாளைக்குத்தான் ஊரக் காயப் போடுறது? அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?

ஜூன் 10, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது! படிகாரம் மட்டும் போதவில்லை. கூடவே துளிச் சுண்ணாம்பு சேர்த்த ஜாடியில் மண் பஞ்சுப் பஞ்சாகத் திரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் போய் உட்கார்ந்தது. பொறியாளர் ஜாடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "அழகா இருக்குல்ல?" என்றார். ஆமாம், அழகாகத்தான் இருந்தது. பெரிய தொட்டியில் அதே அளவில் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

வால்வு அண்ணன் — குழாய்களைத் திறந்து மூடுகிறவர், எங்களுக்கு அந்தப் பெயர்தான் — வந்து சொன்னார்: "மைக் வண்டி தண்டம்மா. ஒங்கக்கா கடையப் பூட்டிட்டு வீடு வீடா ஏறி எறங்குறாங்க. 'காய்ச்சாமக் குடிச்சீங்கன்னா பாத்துக்குங்க, என் தங்கச்சி சும்மா சொல்ல மாட்டா'ன்னு ஒரே மெரட்டல். எங்க வீட்டம்மாவுக்கும் திட்டு விழுந்துச்சு."

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வேர்த்த தலையோட மேல சாயாத" என்றாள். சாய்ந்தேன். தள்ளிவிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

புள்ளி மூன்று. திரும்பத் திரும்பப் பார்த்தும் புள்ளி மூன்று. குழாய்களை நன்றாகக் கழுவி ஓடவிட்டு, ஊருக்குத் தண்ணீர் திறந்தாயிற்று.

வேலை முடிந்து ஓடினேன். விருந்தாளி இல்லை, பேச்சு இல்லை, அக்கா காலையில் தானே போய்க் கடையைத் திறந்திருக்கிறாள். தெருமுனை திரும்பியதும் திக்கென்றது. கடை வாசலில் ஒரே கூட்டம். என்ன சண்டையோ என்று பார்த்தால், எல்லோர் கையிலும் மூட்டை! தண்ணீர் நின்ற நாளெல்லாம் ஊரே துவைக்காமல் போட்டு வைத்த அழுக்குத் துணி. மூன்று இயந்திரங்களும் மூச்சு விடாமல் சுற்றுகின்றன. அக்காவின் முடியெல்லாம் சோப்பு நுரை.

"வேடிக்கை பாக்காத, மடிச்சுப் போடு" என்று ஒரு குவியலைத் தள்ளினாள். மடித்தேன். கடை ஓய்ந்ததும் என் காதருகே வந்தாள்: "இப்படி ஒரு வெளம்பரம் யாருக்கும் கெடைக்காதுடி." அடுத்த நொடியே, "அதுக்காக இன்னொரு தடவ பண்ணித் தொலைக்காத."

ஜூலை 2, புதன்

இப்போதெல்லாம் காலையில் நான் மீட்டரைப் பார்த்து முடிப்பதற்குள் அக்காவின் போன் வந்துவிடுகிறது.

"எவ்வளவுடி?"

"புள்ளி ரெண்டு."

வேறு பேச்சே கிடையாது, வைத்துவிடுவாள். வெள்ளைத் துணி போடலாமா என்று பார்ப்பதற்காக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இன்று மாலை கடைப்பக்கம் போனேன். வாசலில் ஒரு கரும்பலகை. அதன்முன் நின்று ஒருவர், "இது என்னம்மா, தள்ளுபடியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா உள்ளேயிருந்தே அவருக்குக் கலங்கல் பாடம் நடத்துகிறாள் — ஒளி, சிதறல், கிருமி ஒளிந்துகொள்வது, எல்லாம். பாதி தப்பு. நான் திருத்தவில்லை.

பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: "இன்றைய தண்ணீர் 0.2. பார்த்துச் சொன்னது என் தங்கச்சி."